தெரிந்து வினையாடல்: அறிவியல் துறையும் கணினி நிருவாகியும்

ஏரியின் மதகு ஒழுங்காகத் திறந்து மூடப்படும் வரையில் நீர்க்கட்டியைப் பற்றி ஊரில் எவரும் பேசுவதில்லை. கதிர் வரும் பருவத்தில் ஒரு நாள் வாய்க்காலில் நீர் வரவில்லையெனில், அன்றுதான் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது ஊராருக்கு நினைவு வருகிறது. உலகில் சில பணிகள் இத்தகையன. செவ்வனே நடைபெறும்போது அவை கண்ணுக்குப் புலப்படா. தவறும்போது மட்டுமே புலப்படும். பல்கலைக் கழக அறிவியல் துறைகளில் கணினிகளைக் காத்து நடத்தும் முறைமை நிருவாகியின் பணி அவ்வகையைச் சேர்ந்தது. மலாய் மொழியில் அவரைப் 'பெந்தட்பிர் சிஸ்டம்' என்பர்.

கண்ணுக்குப் புலப்படாத பணிக்கு ஒருவர் தகுதி உடையவரா என்பதை எவ்வாறு அளப்பது? இக்கேள்வி இன்று பல்கலைக் கழகங்களை வருத்தும் கேள்வியாகும். இதற்கு விடை காண முயல்வோருக்குக் கணினி நூல்கள் மட்டும் போதா. தமிழர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்த விதிகளும், வள்ளுவர் வகுத்த இரண்டு அதிகாரங்களும் இதற்குத் துணை செய்கின்றன. தமிழாசிரியர்கள் இப்பொருளை எண்ணிப் பார்ப்பதற்கு இஃது ஒன்றே போதிய காரணமாகும்.

ஸ்கூடாயில் ஒரு பணி

ஜொகூர் மாநிலத்தில் ஸ்கூடாய் என்னும் இடத்தில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் அமைந்துள்ளது. 1904-இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பின்னர் ஸ்கூடாயைத் தலைமை வளாகமாகக் கொண்டது. பத்து பகாட் வட்டாரத்தில் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக் கழகம் 2007-இல் முழுப் பல்கலைக் கழகமாயிற்று. இவற்றைப் போன்ற அரசுப் பல்கலைக் கழகங்களில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய துறைகள் எல்லாம் இன்று கணினியின்றி ஒரு நாளும் நடவா.

இத்தகைய இடங்களில் கணினிப் பணிக்கு ஆள் எடுப்பதற்குப் பொதுச் சேவையின் வகுப்பு முறை உண்டு. பட்டம் பெற்றவர் தகவல் தொழில்நுட்ப அதிகாரியாகவும், டிப்ளோமா பெற்றவர் துணை அதிகாரியாகவும், அதற்குக் கீழ்ப்பட்ட சான்றிதழ் உடையவர் கணினித் தொழில்நுட்பராகவும் அமர்த்தப்படுவர். 2024 டிசம்பர் முதல் நாள் புதிய ஊதிய முறை வருமுன், இவை முறையே எஃப் 41, எஃப்.ஏ. 29, எஃப்.டி. 19 எனக் குறிக்கப்பட்டன. நிரந்தரப் பணிக்கு மலேசியக் குடியுரிமையும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிப் பாடத்தில் சிறப்புத் தேர்ச்சியும் வேண்டும்.

இவ்விதிகள் தேவையானவையே. எனினும் இவை ஒருவர் எதைப் படித்தார் என்பதைக் காட்டுமேயன்றி, நள்ளிரவில் ஒரு கணினி நின்றுபோனால் அவர் என்ன செய்வார் என்பதைக் காட்டமாட்டா. விண்ணப்பத் தாளில் உள்ள தகுதி ஒன்று. பணி வேண்டும் தகுதி மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அறிவதற்கு முதலில் பணி இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பணி யாது?

ஓர் அலுவலகத்தின் கணினிகள் பெரும்பாலும் ஒரே வகையின. கடிதமும் கணக்கும் எழுதுவதற்கு அவை பயன்படும். அறிவியல் துறையின் நிலை வேறு. ஓர் அறையில் நூற்றுக்கணக்கான கணிப்பு அலகுகளை ஒன்றாகப் பிணைத்து, லினக்ஸ் என்னும் இயக்க முறையில் இரவும் பகலும் ஓடும் கணினித் தொகுதி இருக்கும். அடுத்த அறையில் நிறமாலைமானி ஒன்றோடு இணைந்த பழங்கணினி இருக்கும். அக்கருவி பல இலட்சம் ரிங்கிட் விலையுடையது. இன்னும் நன்றாக வேலை செய்வது. ஆனால் அதனை இயக்கும் நிரல் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய முறையில் மட்டுமே ஓடக்கூடியதாக இருக்கலாம். அம்முறைக்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதை அதனை ஆக்கிய நிறுவனம் 2014 ஏப்ரலிலேயே பொதுவாக நிறுத்திவிட்டது. அக்கணினியை வலைப்பின்னலில் இணைத்தால் தீங்கு வரும். இணைக்காவிட்டால் அளவைகளை எடுத்துச் செல்வது கடினம். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான ஒரு வழி காண்பது நிருவாகியின் வேலை.

அவருடைய கடமைகளை நான்காகப் பிரித்துக் கூறலாம். முதலாவது, யார் எதைத் திறக்கலாம் என்பதை வரையறுத்து, வருவோருக்குக் கணக்குத் திறந்து, போவோருடைய கணக்கை மூடுதல். இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்களைக் காலந்தவறாமல் இடுதல். மூன்றாவது, மின்சாரம், குளிரூட்டல், ஈரம் ஆகியவற்றைக் கவனித்தல். ஜொகூரில் இடியும் மின்னலும் மிகுதி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்களை மூழ்கடித்த வெள்ளத்தை மக்கள் மறந்திலர். கணினி அறையைத் தரைத் தளத்தில் வைக்கலாமா என்பதும் இந்நாட்டில் நிருவாகி கேட்க வேண்டிய கேள்வியே.

நான்காவது கடமை படியெடுத்து வைத்தல். மற்ற மூன்றையும் விட இது பெரிது. ஒரு மாணவர் முனைவர் பட்டத்திற்காக மூன்று ஆண்டுகள் எடுத்த அளவைகள் ஒரு வட்டில் இருக்கின்றன. வட்டு கெட்டால் கருவியை மீண்டும் வாங்கலாம். மூன்று ஆண்டுகளை வாங்க இயலாது. ஆதலின் எத்தரவுக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் விதி. படியெடுத்தல் மட்டும் போதாது. அப்படியிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத குதிரில் நெல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பது பேதைமை.

இக்கடமைகளைச் செய்வதற்காக அவரிடம் எல்லாக் கதவுகளின் திறவுகோலும் ஒப்படைக்கப்படுகிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அவ்வதிகாரத்திற்கு 'ரூட்', அஃதாவது வேர், என்று பெயர். வேரில் கைவைக்கும் உரிமை உடையவர் எவருடைய கோப்பையும் படிக்கலாம், எதனையும் அழிக்கலாம். துறைத் தலைவருக்கும் இல்லாத அதிகாரம் அது. எனவே இப்பணிக்கு ஆள் எடுத்தல் என்பது, திறமையைத் தேடுவதோடு நம்பிக்கைக்கு உரியவரைத் தேடுவதும் ஆகும்.

எழுபத்தைந்து காசும் எழுபத்தேழு டெராபைட்டும்

இவ்வுண்மையை விளக்க இரண்டு நிகழ்ச்சிகள் போதும். முதலாவது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக் கூடத்தில் நடந்தது. கிளிபோர்டு ஸ்டோல் என்பவர் வானியல் அறிஞர். ஆய்வுக்கான பணம் தீர்ந்துபோகவே, 1986-இல் அக்கூடத்தின் கணினிப் பிரிவில் நிருவாகியாக அமர்ந்தார். வேலைக்கு வந்த புதிதில் அவரிடம் ஒரு சிறு வேலை தரப்பட்டது. கணினியைப் பயன்படுத்தியோரின் கட்டணக் கணக்கில் 75 அமெரிக்கக் காசு இடித்தது. அஃது ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள்.

மற்றொருவராயின் முக்கால் வெள்ளிதானே என்று விட்டிருப்பர். ஸ்டோல் விடவில்லை. பெயர் பதிவில்லாத ஒருவர் கணினிக்குள் நுழைந்து சில நொடிகள் பயன்படுத்தியிருந்ததே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று கண்டார். அச்சுப் பொறிகளைக் கடன் வாங்கி வந்து, அந்நியர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதியுமாறு செய்தார். நாள்தோறும் நடந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து சென்று, அவர் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளைத் தேடிப் புகுந்த ஒற்றர் என்பதை வெளிப்படுத்தினார். திருடிய செய்திகள் சோவியத் உளவுத் துறைக்கு விற்கப்பட்டன. இந்நிகழ்ச்சியை அவரே 1989-இல் ஒரு நூலாக எழுதினார்.

ஸ்டோல் கணினிப் பட்டம் பெற்றவரல்லர் என்பது நோக்கத்தக்கது. அவரிடம் இருந்தவை, கணக்கு ஒத்துவராவிட்டால் உறங்க முடியாத மனமும், கண்டதைக் கண்டவாறே எழுதி வைக்கும் வழக்கமும் ஆகும்.

இரண்டாவது நிகழ்ச்சி ஜப்பானில் கியோத்தோ பல்கலைக் கழகத்தில் நிகழ்ந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அப்பல்கலைக் கழகத்தின் மீத்திறன் கணினியில் ஏறத்தாழ 77 டெராபைட் அளவுள்ள ஆய்வுத் தரவுகள் அழிந்துபோயின. கோப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம். பாதிக்கப்பட்ட ஆய்வுக் குழுக்கள் 14. அவற்றுள் 4 குழுக்களின் தரவுகளைப் படியிலிருந்து மீட்க இயலாது என அறிவிக்கப்பட்டது.

இதனை அழித்தவர் பகைவர் அல்லர். பழைய பதிவுக் குறிப்புகளை நீக்குவதற்கென எழுதப்பட்ட ஒரு நிரல், படியெடுக்கும் பணியின் ஒரு பகுதியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்நிரலைத் திருத்தியவர்கள், அஃது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதன் மேல் புதியதை எழுதிவிட்டனர். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய நிரல், எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்னும் குறிப்பை இழந்து, ஆய்வாளர்களின் கோப்புகளையே அழிக்கத் தொடங்கிற்று. காப்பதற்கு வைத்த ஏற்பாடே கேட்டிற்குக் காரணமாயிற்று. அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றலாகாது என்னும் சிறு கவனமே அந்நேரத்தில் தவறியது.

ஒரு நிகழ்ச்சியில் முக்கால் வெள்ளியைப் பொருட்படுத்திய கவனம் ஒரு நாட்டுக்கே பயன்பட்டது. மற்றொன்றில் ஒரு கணக் கவனக்குறைவு பலருடைய உழைப்பை அழித்தது. இப்பணியில் கற்ற கல்விக்கு நிகராகப் பழக்கவழக்கங்களும் எண்ணப்படுவதற்கு இதுவே காரணம்.

தமிழர் வகுத்த நெறி

பொதுச் சொத்தின் திறவுகோலை யார் கையில் கொடுப்பது என்னும் கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனுடைய 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை விளக்கும் அவற்றைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஆனால் அவற்றை ஒரு பணி விளம்பரமாகப் படித்துப் பார்த்தவர் சிலரே.

ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் ஆண்டு வாரியத்திற்கும் உரியவர்களின் தகுதிகள் அங்கே வரிசையாகக் கூறப்படுகின்றன. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். அகவை 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கல்வி வேண்டும். இவை ஆகும் தகுதிகள். இவற்றினும் சிறந்தவை ஆகாத் தகுதிகள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் ஆகார். பதவிக் காலம் 360 நாள்.

நிலமும் மனையும் குலமும் பற்றிய அக்காலத்து விதிகள் இக்காலத்திற்குப் பொருந்தா. பொருந்த வேண்டுவதும் இல்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவர் கையில் பொதுச் சொத்தை மீண்டும் கொடாதே, ஒருவர் கையிலேயே அதனை நெடுங்காலம் விட்டுவைக்காதே என்னும் இரண்டு கருத்துகளும் எக்காலத்திற்கும் உரியன.

திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். முன்னது ஆளை ஆராய்ந்து நம்புதலைக் கூறுகிறது. பின்னது நம்பியவரிடம் வேலையை ஒப்படைத்து நடத்துதலைக் கூறுகிறது. வள்ளுவர் இவற்றை இரண்டாகப் பிரித்து வைத்ததில் பொருள் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆராயாமல் நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது அவர் கருத்து. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவருடைய செயலே உரைகல் என்றும் அவர் காட்டுகிறார். நேர்முகத் தேர்வில் பேச்சை மட்டும் கேட்டு ஆளை எடுப்போர் இதனை எண்ண வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது எங்ஙனம்? அறிவியல் துறை ஒன்று நான்கு சோதனைகளை வைக்கலாம்.

ஒன்று, செயல் சோதனை. வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு கணினியைக் கொடுத்து, படியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் தரச் சொல்லலாம். விரைவாக முடித்தாரா என்பதைக் காட்டிலும், தொடங்குமுன் இருந்த நிலையைக் குறித்துக்கொண்டாரா என்பதையே பார்க்க வேண்டும். எதையும் மாற்றுமுன் படியெடுப்பவர் நல்லவர். மாற்றிவிட்டுப் பின்னர் வருந்துபவர் வேண்டாம்.

இரண்டு, தவறு பற்றிய கேள்வி. பணியில் அவர் செய்த பெரிய தவறு யாது, அதன்பின் என்ன செய்தார் என்று கேட்கலாம். நெடுநாள் இப்பணி செய்தவர் தவறே செய்ததில்லை என்று கூறினால் ஐயுற இடமுண்டு. தவற்றை உடனே தெரிவித்து, அது மீண்டும் நேராதவாறு வழி செய்தவரே நம்பத்தக்கவர். தவற்றை மறைக்கும் நிருவாகி, தவறு செய்யும் நிருவாகியை விடக் கேடு செய்பவர்.

மூன்று, எழுத்துச் சோதனை. தாம் செய்த வேலையைப் பின்வருபவர் படித்துச் செய்யும்படி ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்; தெளிவே வேண்டுவது. நிருவாகியின் அறிவு அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் அத்தனையும் அவரோடு போய்விடும்.

நான்கு, மாந்தரோடு பழகும் முறை. பேராசிரியர் ஒருவர் கடவுச் சொல்லை மறந்து சினத்தோடு தொலைபேசியில் கேட்டால் என்ன செய்வீர் என்று வினவலாம். அவர் உண்மையில் பேராசிரியர்தாமா என்று உறுதிசெய்யாமல் மாற்றித் தருபவர் அஞ்சி நடப்பவர். கடிந்து பேசி அனுப்புபவர் செருக்குடையவர். பணிவோடு பேசி, விதியிலிருந்து வழுவாமல் வேலையை முடிப்பவரே வேண்டும்.

இவற்றின்பின் அரசு தரும் தகுதிகாண் காலம் இருக்கிறது. பொதுச் சேவையில் அஃது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீளும். பலர் அதனைக் கையெழுத்துச் சடங்காகக் கழிக்கின்றனர். எல்லாத் திறவுகோலையும் முதல் நாளே கொடாமல், பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுவதற்கே அக்காலத்தைப் பயன்படுத்துதல் முறை.

துறையின் கடமை

தேர்வு ஒருபுறம் இருக்க, தேர்ந்தவர் நிலைப்பது மற்றொரு செய்தி. ஸ்கூடாயிலிருந்து ஜொகூர்க் கடற்பாலம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. அதற்கு அப்பால் சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இப்பாலோ, கூலாய் வட்டாரத்துச் செடனாக் முதலிய இடங்களில் மிகப் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கும் இதே திறமையுடையோர் வேண்டும். ஊதியத்தில் இவற்றோடு பல்கலைக் கழகம் போட்டியிட இயலாது.

ஆனால் பல்கலைக் கழகம் தரக்கூடியன வேறு உண்டு. கற்பதற்கு நேரம் தரலாம். அறிவியலின் ஆக்கத்தில் பங்கு தரலாம். ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் நிருவாகியின் பெயரைச் சேர்க்கலாம். அச்சுப் பொறியில் தாள் சிக்கியதற்கெல்லாம் அவரை அழைக்காதிருக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

சிக்கனம் என்று கருதி, ஆய்வு மாணவர் ஒருவர் தலையிலேயே இவ்வேலையைச் சுமத்தும் துறைகள் எந்நாட்டிலும் உண்டு. அம்மாணவரின் ஆய்வு பின்தங்கும். பட்டம் பெற்றுப் போகும்போது துறையின் அறிவும் அவரோடு போகும். அது சிக்கனம் அன்று, கடன். வட்டியோடு பின்னர் கட்ட வேண்டிய கடன்.

மேலும் எவ்வளவு நல்லவராயினும் ஒருவரையே நம்பியிருத்தல் தகாது. இரண்டாமவர் ஒருவர் பணியறிந்திருக்க வேண்டும். முதன்மைக் கடவுச் சொற்கள் முத்திரையிட்ட உறையில் துறைத் தலைவரின் பேழையில் இருக்க வேண்டும். செய்த மாற்றங்கள் அனைத்தும் பதிவாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வேறொருவர் அப்பதிவைப் பார்க்க வேண்டும். இவற்றை அவமதிப்பென்று நல்ல நிருவாகி எண்ணமாட்டார். கணக்குக் காட்டுதல் நேர்மையாளருக்குக் காவல். உத்திரமேரூர்ச் சபையார் அறிந்திருந்ததும் இதுவே.

தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் தொடர்பு

இப்பொருள் பல்கலைக் கழகத்திற்கு மட்டும் உரியதென எண்ணுதல் வேண்டா. ஜொகூரின் தோட்டப் புறத்துத் தமிழ்ப்பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளை, பதினைந்து ஆண்டுகளில் இப்பதவிக்கு விண்ணப்பம் எழுதலாம். தோட்டத்தில் முன்னாளில் ஆபீஸ் கிராணி வேலையே எட்டாத உயரமாகத் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. இன்று கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. நுழைவதற்கு மலாய்த் தேர்ச்சியும் பட்டமும் வேண்டும். அவற்றை இடைநிலைப் பள்ளியும் கல்லூரியும் தரும்.

ஆனால் இப்பணிக்கு வேண்டும் மற்றவை தொடக்கப் பள்ளியிலேயே விதைக்கப்படுபவை. கணக்கின் விடை சரியாயினும் வழியைக் காட்டு என்று ஆசிரியர் சொல்வது, பின்னாளில் பதிவேடு எழுதும் பழக்கமாகிறது. கண்ணாடியை உடைத்த பிள்ளை அஞ்சாமல் வந்து சொல்லுமாறு வகுப்பை நடத்துவது, பின்னாளில் தவற்றை மறைக்காத நேர்மையாகிறது. நூலக அலமாரிச் சாவியை ஒரு மாணவனிடம் கொடுத்து, மாலையில் புத்தகங்களை எண்ணிக் கணக்கு ஒப்படைக்கச் சொல்வது சிறு செயலே. ஆயினும் பொதுப்பொருளைக் காக்கும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

உடைந்த கண்ணாடியைச் சொல்ல வந்த பிள்ளையை அடித்து அனுப்பினால், அப்பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும். மறைக்கக் கற்றவர் கையில் ஒரு நாள் பலருடைய மூன்றாண்டு உழைப்பும் ஒப்படைக்கப்படலாம். பல்கலைக் கழகத்தின் தேர்வுக் குழு ஒரு மணி நேரத்தில் கண்டறிய முயல்வது, ஆசிரியர் ஆறு ஆண்டுகள் அருகிலிருந்து வளர்த்த ஒன்றைத்தான்.